இரண்டாவது கம்பி

உம்மல் குவைன். வெள்ளிக்கிழமை.
நாலு மணிக்குத் திறக்கும் காட்சியகத்துக்கு
இரண்டு மணிக்கே வந்துவிடுவேன்.
காயலிலிருந்து ஏறிவரும் உப்பு
பீங்கான் குமிழ்களில் படிந்திருக்கும்.
பதினெட்டுக் கம்பம், முப்பத்தாறு குமிழ்.
ஏணியை நகர்த்தி நகர்த்தி
ஒவ்வொன்றாய்த் துடைக்கவேண்டும்.

பிறகு கசிவுச் சோதனை.
மீட்டரின் ஒரு வயர் வண்டியின் படிக்கட்டில்,
இன்னொன்று தரையில் அடித்த முளையில்.
முள் அசையாவிட்டால் வண்டி ஓடலாம்.
அசைந்தால் அது உதைக்கும்.
ஏறி உட்கார்ந்தவரை ஒன்றும் செய்யாது.
தரையில் நிற்பவரையும் ஒன்றும் செய்யாது.
ஒரு கால் படியில், ஒரு கால் மண்ணில்
என்று நிற்கிறாரே,
அவரைத்தான்.

இதை அரபி, ஆங்கிலம், உருது, மலையாளத்தில்
பலகை எழுதி மாட்டியிருக்கிறோம்.
தமிழில் இல்லை.
தமிழ் நான் ஒருத்தன்தானே.

பக்கத்துக் கொட்டகையில் டிராம்.
அதற்கு மேலே ஒரே கம்பி போதும்.
வந்த மின்சாரம் தண்டவாளத்தில் இறங்கித்
தரையை ஒட்டியே திரும்பிவிடும்.
என் டிராலிபஸ்ஸுக்கு ரப்பர் கால்.
வர ஒன்று, போக ஒன்று,
இரண்டு கம்பியையும் தலைக்குமேல் பிடித்துக்கொண்டுதான்
ஓடியாகவேண்டும்.
ரவூஃப் சார் முதல் நாள் படம் போட்டு விளக்கினார்.
"ரிட்டர்ன் டிக்கெட் காட்டாமல்
விசா அடிக்கமாட்டார்கள், அப்படித்தானே சார்?"
எகிப்துக்காரர் சிரித்துவிட்டு
படத்தை அழித்தார்.

பல்கேரியாவில் பழைய இரும்புக்குப் போகவிருந்ததை
முதலாளி கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்.
கதவுக்குமேல் ஒரு தகடு, யாருக்கும் தெரியாத எழுத்து.
எச்சில் துப்பாதே என்று அர்த்தம் என்கிறான் ஷினோஜ்.
எதற்கும் இருக்கட்டுமென்று
யாரும் துப்புவதில்லை.

பாதை அறுநூற்று நாற்பது மீட்டர்.
பேரீச்சை வரிசை, கழிப்பறை, ஐஸ்கிரீம் கூண்டு,
மறுபடியும் கொட்டகை.
ஒரு நகரத்தையே வேலைக்குக் கொண்டுபோய்விட்ட வண்டி
கழிப்பறையைச் சுற்றிவருகிறது.
அதற்கு வருத்தமிருப்பதாய்த் தெரியவில்லை.
மிதித்தால் அதே முனகல், அதே உந்தல்.
தண்ணீர் டேங்கர் ஓட்டிய காலை வைத்துக்கொண்டு
நான்தான் திணறினேன்.

கொட்டகை முனையில் கம்பி பிரிகிறது.
அங்கே மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு
சும்மா உருளவிட வேண்டும்.
போன வாரம் ஒரு பையன்
மணி அடிக்கச் சொல்லிக் கெஞ்சினான்.
அடித்தேன். காலை மறந்தேன்.

டப்.

வலது கோல் வானத்தைப் பார்த்து நின்றது.
விசிறிகள் ஓய்ந்தன.
முப்பத்தோரு பேர், நாற்பத்தொரு டிகிரி.
நான் மூங்கில் கழியை உருவுவதற்குள்
கேட்டிலிருந்து ஓடிவந்தான் நர்பகதூர்,
தொப்பி ஒரு பக்கம், விசில் ஒரு பக்கம்.
பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்தான்,
உடம்பைச் சாய்த்தான், ஒரு கண்ணை மூடினான்.
கை கையைப் பார்க்கவில்லை.
டக். விசிறிகள் சுற்றின.
பையன் கைதட்டினான்.

"காட்மாண்டுவிலும் ஓடியது சார்.
பாலத்துக்குப் பக்கத்தில் அடிக்கடி கழன்றுகொள்ளும்.
மாட்டிவிடுகிற பையனிடம்
கண்டக்டர் காசு கேட்கமாட்டார்.
பக்தபூர் வரைக்கும் போகலாம்."

இரண்டு வருஷமாய் இந்தக் கேட்டில்தான் உட்கார்ந்திருக்கிறாய்,
ஒரு வார்த்தை சொல்லவில்லையே?

"நான் வேற கம்பெனி சார்."

இரவு பதிவேட்டில் எழுதினேன்:
கோல் கழன்றது, ஒரு முறை.
காரணம், ஓட்டுநரின் கால்.
மாட்டியவர் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
கேட்டை விட்டு நகர்ந்தால்
ஒருநாள் சம்பளம் பிடிப்பார்கள்.
என் பெயரையே போட்டேன்.

எல்லோரும் போனபின்
கம்பியில் இன்னும் உயிர் இருந்தது.
வா என்றேன்.
வந்தவன் படிக்கு முன் ஒரு நொடி நின்று,
பலகையைத் திரும்பியும் பார்க்காமல்,
இரண்டு காலையும் சேர்த்து
ஒரே குதியில் ஏறினான்.